வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்: மூளை கற்றுக்கொண்டது மண்ணீரலுக்கு எப்படித் தெரியும்?

மனஅழுத்தம் உடலின் நோய் எதிர்ப்பாற்றலைப் பாதிக்கக்கூடும் என்று சென்ற இதழில் ஒரு கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே பொருளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் செவிலியர் பட்டப்படிப்பு மாணவி. மருந்து எதுவும் கலக்காத இனிப்புத் தண்ணீரைக் குடித்தே எலிகளுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தது என்று எங்கள் ஆசிரியை வகுப்பில் சொன்னார்கள். எலிக்கு நம்பிக்கை, அவநம்பிக்கை என்றெல்லாம் இருக்க முடியுமா? உண்மையில் என்ன நடந்தது?
*— வாசகி, தஞ்சாவூர்*

எலிக்கு நம்பிக்கை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. அந்தச் சோதனைக்கு இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதே அதனால்தான். இதே விளைவை முதலில் மனிதர்களிடம் கண்டிருந்தால், 'மருந்து சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்' என்று ஒதுக்கியிருப்பார்கள். எலியிடம் அந்த வாதம் செல்லாது.

அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியலாளராக இருந்த ராபர்ட் ஏடர் ஆராய்ந்துகொண்டிருந்தது நோய் எதிர்ப்பாற்றலை அல்ல, சுவை வெறுப்பை. ஓர் உணவைச் சாப்பிட்ட பிறகு வாந்தி வந்துவிட்டால், அந்த உணவுக்கும் வாந்திக்கும் சம்பந்தமே இல்லாவிட்டாலும், வெகு காலத்துக்கு அதன் வாசனைகூட நமக்கு ஆகாமல் போய்விடுகிறது அல்லவா, அதைத்தான் அவர் எலிகளிடம் அளந்துகொண்டிருந்தார். சாக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, அதைத் தொடர்ந்து சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை ஊசி மூலம் செலுத்துவார். அந்த மருந்து குமட்டலை உண்டாக்கும். எலிகள் ஒரே முறையில் பாடம் கற்றுக்கொண்டு, இனிப்புத் தண்ணீரைக் கண்டால் விலகின. அந்த வெறுப்பு எப்போது மறைகிறது என்று பார்ப்பதற்காக, அதன்பின் மருந்து இல்லாமல் இனிப்புத் தண்ணீரை மட்டும் திரும்பத் திரும்பக் கொடுத்துவந்தார். அந்தக் கட்டத்தில்தான் சில எலிகள் இறக்கத் தொடங்கின. முதல் நாளில் போட்ட ஒற்றை ஊசி அவற்றைக் கொல்லக்கூடிய அளவுடையதல்ல. ஆனால் முதல் நாளில் இனிப்புத் தண்ணீரை அதிகமாகக் குடித்த எலிகளே அதிகமாக இறந்தன என்பது அவர் கண்ணில் பட்டது.

சைக்ளோபாஸ்பமைடு குமட்டலை மட்டும் உண்டாக்கும் மருந்தல்ல. அது வெள்ளணுக்களின் பெருக்கத்தைத் தடுத்து எதிர்ப்பாற்றலை ஒடுக்குவது. புற்றுநோய்க்கும், எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் லூபஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் இன்றும் நாங்கள் அதைப் பயன்படுத்துகிறோம். எலிகள் குமட்டலைக் கற்றுக்கொண்டபோதே, அந்த ஒடுக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்குமோ என்று ஏடர் ஐயுற்றார். எதிர்ப்பாற்றல் மண்டலம் மூளையின் தலையீடின்றித் தானே இயங்குவது என்று மருத்துவ உலகம் அப்போது நம்பியிருந்தது. ஏடர் எதிர்ப்பாற்றல் துறையில் பயிற்சி பெறாதவராதலால், அப்படிக் கேட்பதே தவறு என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதே பல்கலைக்கழகத்தின் எதிர்ப்பாற்றல் அறிஞர் நிக்கோலஸ் கோஹனோடு சேர்ந்து அவர் செய்த சோதனை 1975இல் வெளிவந்தது. இனிப்பும் மருந்தும் ஒருங்கே பெற்ற எலிகளுக்குச் சில நாட்கள் கழித்து, ஆட்டின் சிவப்பணுக்களை உடலில் செலுத்தினார்கள். எலியின் உடல் அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்பொருட்களை உண்டாக்கும். அவற்றின் அளவை இரத்தத்தில் எளிதாக அளந்துவிடலாம். மீண்டும் இனிப்புத் தண்ணீர் கொடுக்கப்பட்ட எலிகளிடம் அந்த அளவு குறைவாக இருந்தது. அதே பயிற்சி பெற்றும் இரண்டாம் முறை இனிப்புத் தண்ணீர் பெறாத எலிகளிடமும், இனிப்பும் மருந்தும் தனித்தனி நேரங்களில் கொடுக்கப்பட்ட எலிகளிடமும் அந்தக் குறைவு இல்லை. மருந்தையே இரண்டாம் முறையும் பெற்ற எலிகளில் கண்ட அளவுக்கு ஒடுக்கம் கடுமையாக இல்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். விளைவு உண்மையானது, ஆனால் மிதமானது. இத்துறையில் அதன்பின் வந்த கண்டுபிடிப்புகள் பலவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்லாரும் உடனே எழுப்பிய ஆட்சேபம் ஒன்று உண்டு. குமட்டலை நினைவூட்டும் தண்ணீரைக் குடிப்பதே எலிக்கு ஒரு துன்பம். துன்பத்தில் சுரக்கும் ஸ்டீராய்டுதான் எதிர்ப்பொருட்களைக் குறைத்ததே தவிர, கற்றல் அல்ல என்றார்கள். நியாயமான ஆட்சேபம்தான். அதைச் சோதிப்பதற்காக, குமட்டலைத் தந்தாலும் எதிர்ப்பாற்றலை ஒடுக்காத லித்தியம் குளோரைடைக் கொண்டு அதே பயிற்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகள் இனிப்பை வெறுத்தன. ஆனால் எதிர்ப்பொருட்கள் குறையவில்லை.

1982இல் அவர்கள் இதை ஒரு நோயிலேயே பொருத்திக் காட்டினார்கள். லூபஸ் போன்ற நோய் தானாகவே உண்டாகி, சிறுநீரகம் கெட்டு மடியும் நியூசிலாந்துக் கலப்பினச் சுண்டெலிகள் உண்டு. இனிப்பும் மருந்தும் சேர்த்துப் பயிற்றப்பட்ட சுண்டெலிகளில் ஒரு பிரிவுக்கு வழக்கமான மருந்தில் பாதியை மட்டும் கொடுத்து, மற்ற வாரங்களில் இனிப்பை மட்டும் கொடுத்தார்கள். இனிப்போடு தொடர்பில்லாமல் அதே பாதி மருந்தைப் பெற்றவற்றைவிட இவற்றுக்கு நோய் தாமதமாக வந்தது, ஆயுளும் நீண்டது. உங்கள் ஆசிரியை சொன்னது உண்மையே.

மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. வெள்ளணுக்களோ இரத்தத்தில் அலைந்துகொண்டிருக்கின்றன. ஒன்றின் செய்தி மற்றதற்கு எந்த வழியாகப் போகிறது? நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். சற்று விளக்கமாகவே எழுதலாம்.
*— வாசகர், காரைக்குடி*

இரண்டு பெரிய வழிகள் உள்ளன, ஐயா. ஒன்று இரத்தத்தின் வழி, மற்றொன்று நரம்பின் வழி.

இரத்தத்தின் வழி தாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததுதான். மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து கார்டிசால் வெளிவருகிறது. கார்டிசாலை ஏற்கும் ஏற்பிகள் வெள்ளணுக்களுக்குள் இருக்கின்றன. அது வந்து சேர்ந்தால் அழற்சிச் செய்திகளைத் தயாரிப்பதை அவை குறைத்துக்கொள்கின்றன. 1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில், மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்மணிக்கு இதன் உறவுப் பொருளான கார்டிசோனைக் கொடுத்தபோது, சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். அந்தப் பணிக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள் எல்லாம் அந்த வழியில் வந்தவையே.

நரம்பின் வழிதான் எல்லாரையும் வியக்க வைத்தது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் ஃபெல்டன் என்ற நரம்பியல் அறிஞர், நரம்பிழைகளை ஒளிரச் செய்யும் முறையில் மண்ணீரலின் மெல்லிய வெட்டுகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கும் நரம்புகள் அங்கே இருப்பது எதிர்பார்த்ததே. ஆனால் சில இழைகள் குழாயை விட்டு விலகி, வெள்ளணுக்கள் கூட்டமாக இருக்கும் பகுதிக்குள் நுழைந்து, அவற்றின் மேல்பரப்பை ஒட்டியே முடிந்திருந்தன. நிணநீர்க் கணு, தைமஸ், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றிலும் நரம்பிழைகள் காணப்பட்டன. அந்த நரம்புகள் சுரக்கும் நாரட்ரினலின் என்ற வேதிப்பொருளை ஏற்கும் ஏற்பிகளும் வெள்ளணுக்களுக்கு உண்டு. அப்படியென்றால் நரம்பு பேசுகிறது, வெள்ளணு கேட்கிறது என்று கொள்ள உடற்கூற்றியலிலேயே ஆதாரம் கிடைத்துவிட்டது.

எதிர்த் திசையிலும் செய்தி போகிறது. அந்நியப் பொருளை எதிர்த்து எலியின் உடல் போராடும் நாட்களில், அதன் ஹைப்போதலாமஸில் நரம்பணுக்களின் துடிப்பு கூடுவதை ஹியூகோ பெசெடோவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1977இலேயே பதிவு செய்திருந்தார்கள். மூளை கட்டளையிடுவதோடு நிற்பதில்லை. உடலில் நடக்கும் போரின் நிலவரத்தையும் அறிந்துகொண்டிருக்கிறது.

இந்த இரண்டு திசைகளையும் ஒரே சுற்றாக இணைத்துக் காட்டியவர் நியூயார்க்கைச் சேர்ந்த அறுவை மருத்துவர் கெவின் டிரேசி. மூளைத் தண்டிலிருந்து கழுத்து வழியாக இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று கிளை பரப்பும் வேகஸ் நரம்பை மின்சாரத்தால் தூண்டினால், பாக்டீரிய நச்சு செலுத்தப்பட்ட எலிகளின் இரத்தத்தில் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருள் குறைகிறது, அவை அதிர்ச்சி நிலைக்குப் போவதும் தடுக்கப்படுகிறது என்று 2000ஆம் ஆண்டில் அவருடைய குழு வெளியிட்டது. பின்னர் வழியைப் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள். வேகஸின் செய்தி மண்ணீரல் நரம்புக்கு மாறுகிறது. அந்த நரம்பு நாரட்ரினலினைச் சுரக்கிறது. அதைப் பெறும், டி அணுக்கள் என்ற வெள்ளணுக்களில் ஒரு வகை அசிட்டைல்கோலினைச் சுரக்கிறது. அது பெருவிழுங்கணுக்களின் ஏற்பியில் பட்டு, டிஎன்எஃப் தயாரிப்பை அடக்குகிறது. அசிட்டைல்கோலின் என்றால் நரம்பணுவின் பொருள் என்றே நாம் படித்தோம். இங்கே ஒரு வெள்ளணு அதைத் தயாரித்து அடுத்த வெள்ளணுவுக்குக் கொடுக்கிறது என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்புத் தீர்வதில்லை. மூளைத் தண்டில் இந்தச் சுற்றைக் கட்டுப்படுத்தும் நரம்பணுக்களை 2024இல் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு சுண்டெலிகளில் அடையாளம் கண்டது. அவற்றைச் செயலிழக்கச் செய்தபோது அழற்சி கட்டுக்கடங்காமல் போயிற்று, தூண்டியபோது தணிந்தது.

கற்றல் எங்கே வருகிறது என்று தாங்கள் கேட்கக்கூடும். மூளையின் பக்கவாட்டில் உள்மடிந்து கிடக்கும் இன்சுலா என்ற பகுதி, வயிறு, இதயம், சுவை ஆகியவற்றிலிருந்து வரும் உணர்வுகளைப் பெறும் இடம். இஸ்ரேலின் டெக்னியான் கழகத்தில் அஸ்யா ரோல்ஸின் ஆய்வுக்குழு 2021இல் வெளியிட்ட சோதனையில், சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சியை உண்டாக்கி, அந்த நாட்களில் இன்சுலாவில் எந்தெந்த நரம்பணுக்கள் இயங்கின என்பதை அடையாளமிட்டு வைத்தார்கள். சுண்டெலிகள் குணமடைந்த பிறகு, அடையாளமிட்ட அதே நரம்பணுக்களை மட்டும் தூண்டினார்கள். குடலில் மருந்தோ கிருமியோ புதிதாக எதுவும் சேர்க்காத நிலையில், அழற்சியின் அறிகுறிகள் குடலில் மறுபடியும் தோன்றின. உடல் பட்ட நோயின் ஏதோ ஒரு பதிவை மூளை வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை. சுண்டெலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கு மட்டும் நாம் அவசரப்படக் கூடாது.

எனக்கு மல்லிகை மணம் ஆகாது. தும்மலும் இளைப்பும் வந்துவிடும். சென்ற மாதம் உறவினர் திருமணத்தில் மேடையில் இருந்த பிளாஸ்டிக் பூச்சரத்தைப் பார்த்தவுடனே தும்மத் தொடங்கிவிட்டேன். 'நடிக்கிறாய்' என்று என் நாத்தனார் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். இது என் கற்பனையா?
*— வாசகி, மதுரை*

நீங்கள் நடிக்கவில்லை, அம்மா. இதே நிகழ்ச்சி 1886இலேயே மருத்துவ ஏட்டில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான் மெக்கன்சி என்ற மருத்துவரிடம், ரோஜாவால் மூக்கடைப்பும் இளைப்பும் வரும் ஒரு பெண்மணி சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். மருத்துவர் ஒரு செயற்கை ரோஜாவை, மகரந்தத் துகள் ஒன்றுகூட இல்லாதபடி ஒவ்வொரு இதழாகத் துடைத்து மறைத்து வைத்திருந்து, பேச்சின் நடுவே எடுத்து அவர் முன் நீட்டினார். சில நிமிடங்களுக்குள் அந்தப் பெண்மணிக்கு மூக்கு ஒழுகி, கண் சிவந்து, தும்மல் தொடங்கிவிட்டது.

பல முறை பூவும் ஒவ்வாமையும் ஒன்றாக நேர்ந்ததால், பூவின் தோற்றமே போதும் என்று உடல் கற்றுக்கொண்டிருக்கிறது. 1984இல் கினிப் பன்றிகளைக் கொண்டு செய்த சோதனையில், ஒவ்வாமைப் பொருளோடு இணைத்துப் பழக்கிய ஒரு வாசனையை மட்டும் காட்டியபோதே அவற்றின் இரத்தத்தில் ஹிஸ்டமின் கூடியது. ஹிஸ்டமின் என்பது தும்மலையும் அரிப்பையும் உண்டாக்கும் பொருள். அதை யாராலும் நடித்து வரவழைக்க முடியாது. உங்கள் நாத்தனாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டலாம். ஆனால் இளைப்பு இருப்பதால், நுரையீரல் சோதனை செய்து, தேவைப்பட்டால் இன்ஹேலரை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள். கற்றுக்கொண்ட தும்மலுக்கு அடியில் உண்மையான ஆஸ்துமா இருக்கக்கூடும். அதைக் கவனிக்காமல் விடக் கூடாது.

என் தந்தைக்கு மறதிநோய் வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இரவும் பகலும் அம்மாதான் பார்த்துக்கொள்கிறார். அவர் காலில் பட்ட சிறு வெட்டுக்காயம் ஆறவே நாள் எடுக்கிறது. சர்க்கரை நோய் இல்லை. மனக்கவலையால் புண் ஆறாமல் இருக்குமா?
*— வாசகி, திருநெல்வேலி*

இருக்கலாம். அதை மிக நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும், அவருடைய கணவரும் வைரஸ் ஆய்வாளருமான ரொனால்ட் கிளேசரும், மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரிக்கும் பெண்கள் 13 பேரையும், வயதிலும் வருமானத்திலும் அவர்களை ஒத்த, அத்தகைய பாரம் இல்லாத பெண்கள் 13 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயத்தை மருத்துவ முறைப்படி உண்டாக்கி, படமெடுத்தும், ஹைட்ரஜன் பெராக்சைடு இட்டால் நுரைக்கிறதா என்று பார்த்தும் அது ஆறுவதைக் கணித்தார்கள். நுரை நின்றால் புண் மூடிவிட்டது என்று பொருள். பாரம் இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாட்களும், பராமரிப்பவர்களுக்கு 48.7 நாட்களும் ஆயின. இது 1995இல் வெளிவந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின், பல் மருத்துவ மாணவர்கள் 11 பேருக்கு மேலண்ணத்தில் கோடை விடுமுறையில் ஒரு காயமும், தேர்வுக்கு மூன்று நாள் முன்னதாக மற்றொரு காயமும் இட்டுப் பார்த்தார்கள். தேர்வுக் காலக் காயம் ஆற 40 சதவீதம் கூடுதல் காலம் ஆயிற்று. 11 பேரில் ஒருவருக்குக்கூடத் தேர்வுக் காலத்தில் விரைவாக ஆறவில்லை.

காயம்பட்ட இடத்துக்கு வெள்ளணுக்களை அழைத்து வரும் இன்டர்லூகின் போன்ற செய்திப் பொருட்கள், கார்டிசால் மிகுந்த உடலில் தேவையான வேளையில் குறைவாகச் சுரக்கின்றன. புண் ஆறுவதன் முதல் கட்டமே அழற்சிதான் என்பதால், தொடக்கம் தளர்ந்தால் பின்னால் வரும் எல்லாமே தாமதமாகின்றன.

ஆயினும் கவலையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் பார்த்திருந்தால் மூன்று மாதச் சராசரியையும் பாருங்கள். காலின் இரத்த ஓட்டம், இரத்தசோகை, உணவில் புரதம் ஆகியவற்றையும் ஒரு மருத்துவர் பார்க்கட்டும். அம்மா தூங்குகிறாரா என்றும் கேளுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது அப்பாவை வேறொருவர் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்ய முடிந்தால், அதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருதிச் செய்யுங்கள். குடும்பத்தில் ஒரே பெண்ணின் தோளில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, 'அவளுக்குப் பழகிவிட்டது' என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் அதிகம். அந்தப் பழக்கத்துக்கு அவர் உடல் விலை கொடுக்கிறது.

என் மகனுக்குத் தேர்வு நெருங்கினாலே சளி பிடிக்கிறது. தற்செயலா?
*— வாசகர், ஈரோடு*

முழுவதும் தற்செயல் என்று சொல்ல முடியாது. உளவியலாளர் ஷெல்டன் கோஹன் தலைமையில் இங்கிலாந்தின் சாலிஸ்பரி சளி ஆய்வகத்தில், உடல்நலமுள்ள 394 பேரின் மனஅழுத்தத்தை முதலில் கேள்விகளால் அளந்து, பிறகு அவர்கள் சம்மதத்துடன் சளி வைரஸ் கலந்த சொட்டு மருந்தை மூக்கில் விட்டுத் தனிமைப்படுத்தினார்கள். 1991இல் வெளிவந்த அதன் முடிவின்படி, மனஅழுத்தம் மிகக் குறைந்தவர்களில் சுமார் 27 சதவீதத்தினருக்கும், மிக அதிகமானவர்களில் சுமார் 47 சதவீதத்தினருக்கும் சளி பிடித்தது. வைரஸ் இல்லாமல் மனஅழுத்தம் மட்டும் யாருக்கும் சளியைத் தராது. வந்த வைரஸைத் தடுக்கும் திறனில்தான் வேறுபாடு.

பிந்தைய ஆய்வு ஒன்றில், ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்கும் தொல்லைகளே சளிக்கு வழிவிடுகின்றன, சில நாள் பதற்றம் அல்ல என்று தெரிந்தது. ஆகவே உங்கள் மகனின் விஷயத்தில் தேர்வுப் பயத்தைவிடத் தூக்கத்தைத்தான் நான் முதலில் கேட்பேன். 2015இல் 164 பேரிடம் மணிக்கட்டுக் கருவி கட்டித் தூக்கத்தை அளந்து இதே போல வைரஸ் செலுத்தியபோது, ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிடச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேலாக இருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பிப் படிக்க வைப்பதாயிருந்தால், இரவு எட்டு மணிக்கே தூங்க விடுங்கள்.

காய்ச்சல் வந்தால் சாப்பாடும் பிடிப்பதில்லை, யாரோடும் பேசவும் பிடிப்பதில்லை. ஏன்?
*— பள்ளி மாணவர், புதுக்கோட்டை*

கிருமியைக் கண்ட வெள்ளணுக்கள் சுரக்கும் இன்டர்லூகின்-1 போன்ற பொருட்கள், இரத்தம் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளை உடலின் வெப்பத்தைக் கூட்டி, பசியைக் குறைத்து, உன்னைப் படுக்கச் சொல்கிறது. கிருமி இதை உனக்குச் செய்யவில்லை. உன் மூளையே செய்கிறது. ஆற்றல் எல்லாம் காய்ச்சலுக்கும் போராட்டத்துக்கும் தேவைப்படும்போது ஓடியாடித் திரிவது வீண் செலவு. கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திரு; ஆனால் சாப்பாட்டைக் குறைப்பது போலத் தண்ணீரையும் குறைத்துவிடாதே.

என் மனைவிக்குக் கீமோ சிகிச்சை நடக்கிறது. இப்போதெல்லாம் மருத்துவமனை இருக்கும் தெருவில் ஆட்டோ திரும்பும்போதே குமட்டல் தொடங்கிவிடுகிறது. மருந்து ஏறுவதற்கு முன்பே இப்படி வருமா?
*— வாசகர், நாகர்கோவில்*

வரும். தஞ்சாவூர் வாசகியின் கேள்விக்குச் சொன்ன எலியின் கதைதான் இதுவும். மருத்துவமனையின் வாசனை, அந்தத் தெரு, அந்த நாற்காலி எல்லாம் மருந்தோடு சேர்ந்தே வந்ததால், அவற்றுக்கே உடல் குமட்டலால் பதில் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டது. சினைப்பைப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களிடம் 1990இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வீட்டில் எடுத்த இரத்தத்தையும், மருந்து ஏற்றுவதற்கு முன் மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தையும் ஒப்பிட்டபோது, மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தில் டி அணுக்கள் பெருகும் திறன் குறைவாக இருந்தது. இதனால் புற்றுநோய் கூடிவிடும் என்று பொருள் அல்ல. அப்படி நினைத்துப் பயப்பட வேண்டாம்.

செய்ய வேண்டியவை உண்டு. மருத்துவரிடம் இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் குமட்டலை நன்றாகக் கட்டுப்படுத்தினால் புதிய பாடம் உடலில் பதியாது, பழையதும் மெல்ல மங்கும். தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, குமட்டலைத் தூண்டும் இடங்களை அமைதியான நிலையில் மனதில் கொண்டுவரும் நடத்தைச் சிகிச்சை ஆகியவற்றால் பலர் பலன் கண்டிருக்கிறார்கள். சிகிச்சைக்குப் புறப்படும் காலையில் அவருக்கு மிகப் பிடித்த உணவைச் சமைத்துக் கொடுக்காதீர்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் அந்த உணவே பின்னர் அவருக்கு வெறுத்துப்போகும். வழக்கமில்லாத சுவையுடைய ஒரு மிட்டாயைச் சிகிச்சைக்கு முன் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெறுப்பு பெரும்பாலும் அந்த மிட்டாயின் மேலேயே விழுந்து, மற்ற உணவுகள் தப்பின.

எனக்கு ஆறு ஆண்டுகளாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரில் நடந்த ஒரு முகாமில், மூளைதான் எதிர்ப்பாற்றலை ஆள்கிறது என்பதால் எண்ணத்தை மாற்றினால் நோய் போய்விடும், மருந்தை நிறுத்திவிடலாம் என்றார்கள். நோய் வந்ததற்கே என் கோபமும் வெறுப்பும்தான் காரணம் என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டதிலிருந்து மனம் நொந்துபோயிருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?
*— வாசகி, கோயம்புத்தூர்*

மருந்தை நிறுத்தாதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். முடக்குவாதத்தில் கட்டுப்படாத அழற்சி மூட்டின் எலும்பையே அரித்துவிடும். அரிக்கப்பட்ட எலும்பு பிறகு பழையபடி வராது. நிறுத்திய சில வாரங்கள் உங்களுக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம். அதைக் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு ஏமாந்தவர்கள் உண்டு.

நோய் வந்ததற்கு உங்கள் கோபம்தான் காரணம் என்று சொன்னவர்கள், உங்களுக்குப் பெரும் அநீதி செய்திருக்கிறார்கள். மரபணுக்கள், புகை, ஈறு நோய் என்று பலவும் சேர்ந்து தூண்டும் நோய் இது. இன்னார் குணத்தால் இன்னாருக்கு வந்தது என்று எந்த ஆய்வும் காட்டவில்லை. வலியோடு காலையில் விரல்களை மடக்க முடியாமல் எழும் ஒருவரிடம், 'உன் மனம் சரியில்லை' என்று சொல்வதைவிடக் கொடுமையான பேச்சு எனக்குத் தெரியவில்லை. மூளைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பு உண்டு என்பதிலிருந்து, நினைத்தால் ஆட்டிவைக்கலாம் என்பது பெறப்படாது. இன்சுலாவின் நரம்பணுக்களும் வேகஸ் நரம்பும் நம் விருப்பத்தைக் கேட்டு இயங்குவதில்லை. ஏடரின் எலிகளும் விரும்பித் தங்கள் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக்கொள்ளவில்லை. முதலில் உண்மையான மருந்து உள்ளே போனது, உடல் அதை ஒரு சுவையோடு சேர்த்துக் கற்றுக்கொண்டது. மருந்தே போகாத உடலுக்குக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

இந்த அறிவு நோயாளிகளுக்கு எப்படிப் பயன்படும் என்று நேர்மையாகத் தேடுபவர்கள் மருந்தை விலக்கச் சொல்வதில்லை. ஜெர்மனியில் மன்ஃபிரெட் ஷெட்லோவ்ஸ்கியின் குழு 2002இல், பச்சை நிறமூட்டி, லாவெண்டர் மணம் சேர்த்த ஸ்ட்ராபெர்ரிப் பாலோடு, எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தைச் சிலருக்குப் பல முறை கொடுத்துப் பழக்கினார்கள். பின்னர் அந்தப் பாலோடு போலி மாத்திரையைக் கொடுத்தபோதும், மருந்து செய்வதைப் போலவே வெள்ளணுக்களின் சில செய்திப் பொருட்கள் குறைந்தன. வேறெங்கும் கிடைக்காத விநோதமான சுவையாக அதைத் தேர்ந்தெடுத்தது, மற்ற நினைவுகள் குறுக்கிடக் கூடாது என்பதற்காக. 2018இல் சிறுநீரக மாற்று சிகிச்சை செய்துகொண்ட 30 பேரிடம் இதே முறையைச் சோதித்தபோது, அவர்கள் தங்கள் வழக்கமான மருந்து ஒரு வேளையையும் விடவில்லை. இடைவேளைகளில் அந்தப் பானமும் போலி மாத்திரையும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. டி அணுக்களின் பெருக்கம் மேலும் சிறிது குறைந்தது. மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்க அது போதுமா என்பது தனிக் கேள்வி. அதனால்தான் மருந்தை அவர்கள் தொடவே இல்லை. கடுமையான லூபஸ் கண்ட ஒரு சிறுமிக்கு, மீன் எண்ணெயின் சுவையையும் ரோஜா மணத்தையும் சைக்ளோபாஸ்பமைடோடு பழக்கி, 12 மாதங்களில் 12 முறைக்குப் பதில் 6 முறை மட்டும் மருந்து கொடுத்து, மற்ற மாதங்களில் சுவையையும் மணத்தையும் மட்டும் கொடுத்த விவரம் 1992இல் வெளிவந்தது. சிறுமி நன்றாகவே இருந்தார். ஆனால் ஒரே ஒருவரைக் கொண்டு எதையும் நிறுவிவிட முடியாது என்பதை எழுதியவர்களே அறிவார்கள்.

உங்கள் நோய்க்கே நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் சொல்கிறேன். கழுத்தில் வேகஸ் நரம்பின் மேல் பொருத்தப்பட்டு, நாளுக்கு ஒரு முறை சிறு மின்தூண்டல் கொடுக்கும் ஒரு கருவிக்கு, மருந்துகளால் போதிய பலன் பெறாத முடக்குவாத நோயாளிகளுக்காக அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025இல் அனுமதி வழங்கியிருக்கிறது. டிரேசியின் எலிகளிலிருந்து இதுவரை வருவதற்கு 25 ஆண்டுகள் ஆயின. மூளைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் உள்ள தொடர்பைச் சிகிச்சையாக்குவது என்றால் இத்தகைய உழைப்பு. ஒரு நாள் முகாமில் முடிகிற காரியம் அல்ல.

மூச்சுப் பயிற்சியோ தியானமோ உங்களுக்கு அமைதி தருமானால் தாராளமாகச் செய்யுங்கள்; நல்ல தூக்கம் வலியைத் தாங்கவும் உதவும். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்துக்கு ஒரு நாள் என்ற கணக்கிலேயே, உங்கள் மருத்துவர் எழுதிய ஃபோலிக் அமில மாத்திரையோடு தொடருங்கள். முகாமுக்குப் பிறகு எத்தனை வேளை மருந்தை விட்டிருந்தாலும், அதைக் கூச்சப்படாமல் உங்கள் மூட்டுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் சிஆர்பி, ஈஎஸ்ஆர், அவற்றோடு கல்லீரல் சோதனை ஆகிய மூன்றையும் இந்த வாரமே செய்துகொண்டு அவரைப் போய்ப் பாருங்கள்.